பிச்சாவரம் போய் வந்த வண்டி

அந்த இரண்டு வருஷத்தில் சைபுல்லா வண்டியை ஒரு நாள்கூட ரோட்டுக்கு எடுத்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. கடைசியில் இதை நம்புவதற்கு அவனைத் தவிர யாரும் மிஞ்சப்போவதில்லை.

வண்டி அவனுடையது அல்ல. அவன் மனைவி சைனம்புவின் அண்ணன் முஹம்மது ஆசிக்குடையது. ஆசிக்குக்கு துபாயில் வேலை. இரண்டு வருஷத்துக்கு முன் லீவில் வந்தபோது ஆசைப்பட்டு வாங்கிய கார். சிவப்பு உடம்பு, கறுப்புக் கூரை, பின்னால் இரட்டைப் புகைக்குழல். பார்க்கச் சின்னதாக இருந்தாலும் உள்ளே டர்போ இன்ஜின். மிதித்தால் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொள்ளும் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னான். லீவு முடிந்ததும் வண்டியை போர்ட்டிகோவில் நிறுத்திவிட்டுக் கிளம்பினான்.

அந்த வீடும் ஆசிக்குடையதுதான். சிதம்பரத்தில் பள்ளிவாசலுக்குப் பின்தெருவில் கட்டியது. மாடி பூட்டியே இருக்கும், ஆசிக்கும் அவன் மனைவி சாய்ராவும் வந்தால் திறக்கும். கீழே சைபுல்லா, சைனம்பு, மகள் ஷாசியா. வாடகை கிடையாது. அதற்குப் பதிலாக வீட்டையும் வண்டியையும் பார்த்துக்கொள்ள வேண்டும். மேலவீதியில் பையும் குடையும் விற்கும் கடையில் சேல்ஸ்மேனாக இருப்பவனுக்கு இது பெரிய விஷயம். வேறு எங்கே போனாலும் இப்படி ஒரு வீட்டில் அவன் குடியிருக்க முடியாது.

கிளம்புகிற அன்று ஆசிக் அவனை போர்ட்டிகோவில் நிறுத்திச் சொன்னான்.

"மச்சான், ரோட்டுக்கு எடுக்கவே வேணாம். வாரா வாரம் ஸ்டார்ட் பண்ணி கொஞ்ச நேரம் விடுங்க, பேட்டரி படுக்காது. அப்புறம் இந்தச் சரிவுல மெதுவா ஏத்தி இறக்குங்க. ஒரே எடத்துல நின்னா டயர் தட்டையாயிடும். அவ்ளோதான் வேலை."

"சரி மச்சான்."

"சாவி உங்ககிட்டதான் இருக்கும். அமானிதம்."

நம்பி ஒப்படைத்த பொருளுக்கு அவர்கள் சொல்கிற வார்த்தை அது. அந்த வார்த்தையை சைபுல்லா லேசாக எடுத்துக்கொள்கிற ஆள் இல்லை. கடையில் யாராவது பையை மறந்து வைத்துவிட்டுப் போனால், அதன் ஜிப்பைத் திறந்து பெயர் பார்க்கக்கூட யோசிப்பான்.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வந்ததும் வண்டியின் உறையை விலக்குவான். ஸ்டார்ட் பண்ணுவான். இன்ஜின் உறுமும்போது தெருப் பூனைகள் ஓடும். பிறகு கியரைப் போட்டு, வாசல் சரிவில் அங்குலம் அங்குலமாக ஏற்றுவான், இறக்குவான், மறுபடி ஏற்றுவான். இதையெல்லாம் ஷாசியா செல்போனில் வீடியோ எடுப்பாள். வீடியோ துபாய்க்குப் போகும். துபாயிலிருந்து ஒரு கட்டைவிரல் வரும். இன்ஜின் சூடு பிடிப்பதற்குள் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டுவிடுவார்கள். அணைத்துவிட்டு உறையைப் போர்த்துவான்.

ஒரே ஒரு தடவை கேட்டான். வண்டியின் சத்தம் கரகரவென்று மாறியிருப்பதுபோல் அவனுக்குத் தோன்றியது. கல்யாணத்துக்கு முன் கடலூரில் வேன் ஓட்டியவன், சத்தம் தெரியும்.

"மச்சான், பைபாஸ்ல ஒரு சுத்து ஓட்டிட்டு வரட்டுமா?"

போனில் ஆசிக் சிரித்தான். "ஆசை வந்துருச்சா மச்சான்?"

அங்கே அவன் கூட இருந்தவர்களும் சிரிப்பது கேட்டது. சைபுல்லாவும் சிரித்துவைத்தான். பிறகு கேட்கவில்லை. ஆயில் மாற்றுவது பற்றிக் கேட்டபோது, "ஓடாத வண்டிக்கு எதுக்கு ஆயிலு? நான் வந்து பார்த்துக்கறேன்" என்று பதில் வந்தது.

போன மழையில் ஷாசியா மாடிப்படியில் வழுக்கி விழுந்தாள். முழங்கை பிதுங்கித் திரும்பியிருந்தது. ஆட்டோவுக்குப் போன் அடித்தால் எவனும் எடுக்கவில்லை. சைனம்பு போர்ட்டிகோவில் வண்டியின் பக்கத்தில் நின்றாள். வாயைத் திறந்து கேட்கவில்லை, வண்டியைப் பார்த்தாள், அவ்வளவுதான். சைபுல்லா தன் டிவிஎஸ் மொபெட்டை உருட்டிக்கொண்டு வந்தான். நடுவில் பிள்ளையை உட்கார வைத்து, பின்னால் சைனம்பு குடை பிடித்தபடி, பள்ளத்திலெல்லாம் இறங்கி ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ஒவ்வொரு பள்ளத்துக்கும் பிள்ளை அலறினாள். கையை ஆட்டாமல் கொண்டுவந்திருக்கக் கூடாதா என்று டாக்டர் கடிந்துகொண்டார். இன்றைக்கும் ஷாசியாவால் அந்தக் கையை முழுசாக நீட்ட முடியாது.

அதற்காக சைனம்பு அவனை ஒரு வார்த்தை சொன்னதில்லை. பக்கத்து வீட்டுக்காரி கேட்டபோதுகூட, "அவுங்க அப்படித்தான், அடுத்தவுங்க பொருளத் தொட மாட்டாங்க" என்றாள். அதைச் சொன்னபோது அவள் குரலில் ஒரு பெருமை இருந்தது. அந்தப் பெருமையை நினைத்துத்தான் சைபுல்லா அந்த மழை நாளை விழுங்கினான்.

ஆசிக் இந்த வருஷம் லீவில் வந்தான். சாய்ராவை ஏற்றிக்கொண்டு கடலூருக்குக் கிளம்பினான். புதுச்சத்திரம் தாண்டியதும் பைபாஸில் மிதித்தான். வண்டி குலுங்கியது. மறுபடி மிதித்தான். பின்னால் நீலப் புகை கிளம்பியது. டேஷ்போர்டில் சிவப்பாக ஒரு விளக்கு எரிந்தது. அப்புறம் வண்டி நகர மறுத்துவிட்டது.

சைபுல்லா கடையில் சொல்லிவிட்டு பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தான். இழுத்துப் போகிற லாரி வந்து வண்டியைத் தூக்கிக்கொண்டிருந்தது. ஆசிக் வேலிக்காத்தான் ஓரமாக நின்றிருந்தான்.

"எவ்ளோ தூரம் ஓட்டினீங்க மச்சான்?" என்றான். சிரித்துக்கொண்டேதான் கேட்டான்.

"ஓட்டலையே மச்சான். மீட்டரப் பாருங்க."

"மீட்டரு கெடக்குது."

மறுநாள் இருவரும் கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருந்த ஒர்க்‌ஷாப்புக்குப் போனார்கள். அங்கே கஸ்டமர்களிடம் பேசுகிற பெண்ணின் பெயர் இலக்கியா. கையில் ஒரு தொடுதிரை டேப்லெட் வைத்திருந்தாள். காத்திருக்கும் கூடத்தில் இன்னும் நாலைந்து பேர் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் காதில் விழும்படித்தான் அவள் பேசினாள், அவள் குரலே அப்படி.

"சார், ஆயில் அளவு கூடியிருக்கு. ஆயிலு குறையும் சார், கூடாது. கூடியிருக்கறது பெட்ரோலு. இன்ஜின் சூடாகறதுக்குள்ள ஆஃப் பண்ணிப் பண்ணி, எரியாத பெட்ரோல் கீழ இறங்கி ஆயில்ல கலந்திருக்கு. தண்ணியாப் போன அந்த ஆயில்லதான் டர்போ சுத்தியிருக்கு. டர்போ போச்சு. வால்வு பூரா கரி."

"கிளட்ச்சு?" என்றான் ஆசிக்.

"ஆட்டோமேட்டிக்னு சொன்னாலும் உள்ள ரெண்டு கிளட்ச் இருக்கு சார். சரிவுல ஊர்ந்து ஊர்ந்து ஏத்தினா முழுசாப் பிடிக்காம தேஞ்சுக்கிட்டே இருக்கும். கருகிடுச்சு. செட்டா மாத்தணும்."

"யாரோ நல்லா அடிச்சு ஓட்டியிருக்காங்க. அதானே?"

இலக்கியா டேப்லெட்டிலிருந்து தலை தூக்கினாள். "இல்ல சார். அடிச்சு ஓட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும். இது ஓட்டாததால வந்த வினை."

சைபுல்லா சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றான். சிரிப்பு வந்துவிடுமோ என்று பயமாக இருந்தது.

"வாரன்டி வராதா?" என்றான் ஆசிக்.

"வருஷ சர்வீஸே பண்ணலையே சார். எல்லாம் சேர்த்து ரெண்டு லட்சத்தத் தொடும்." அவள் எழுதிக்கொண்டே சாதாரணமாகக் கேட்டாள். "இப்படி ஸ்டார்ட் மட்டும் பண்ணி வைக்கச் சொல்லி யாரு சார் உங்களுக்குச் சொன்னது?"

டீ குடித்துக்கொண்டிருந்த ஒருவர் பேப்பருக்குப் பின்னால் புன்னகைத்தார்.  ஆசிக்கின் காது மடல் சிவந்திருந்தது. அதைப் பார்த்ததும் சைபுல்லாவுக்குச் சிரிப்பு மறந்து வேறு பயம் பிடித்தது.

திரும்பும்போது வாடகைக் காரில் ஆசிக் முன்சீட்டில் உட்கார்ந்தான். ஆலப்பாக்கம் வந்ததும் திரும்பாமலே சொன்னான்.

"அந்தப் பொண்ணுக்கு என்ன தெரியும். கம்ப்யூட்டரு காட்டறதப் படிக்குது."

"ம்."

"மீட்டர் வயரக் கழட்டிட்டு ஓட்டறதெல்லாம் டிரைவருங்களுக்குக் கைவந்த கலை. நீங்க வேன் ஓட்டின ஆளு மச்சான்."

"அல்லா மேல ஆணையா நான்..."

"ஆணையெல்லாம் பெரிய வார்த்தை மச்சான். ஒரு வண்டிக்காக வேணாம்."

டிரைவர் கண்ணாடியில் சைபுல்லாவை ஒரு பார்வை பார்த்தார்.

அன்று சாயங்காலம் ஆசிக் தங்கச்சியைக் கூப்பிட்டுச் சொன்னான். அண்ணாமலை நகர் பக்கம் வேலை பார்க்கும் ஒரு குடும்பம் வீடு கேட்கிறதாம், மேலும் கீழுமாகச் சேர்த்து. நல்ல வாடகை. "ரிப்பேர் செலவ எங்கயாவது எடுக்கணும்ல. இந்த மாசக் கடைசிக்குள்ள நீங்க ஒரு எடம் பார்த்துக்குங்க சைனம்பு. அவசரம் ஒண்ணும் இல்ல."

மாசக் கடைசிக்கு அதிக நாள் இல்லை.

சைனம்பு அறைக்குள் வந்து கதவைச் சாத்தினாள். கட்டில் விளிம்பில் உட்கார்ந்து முந்தானையைச் சுருட்டினாள், பிரித்தாள்.

"நான் ஒண்ணு சொன்னாக் கேப்பீங்களா?"

"சொல்லு."

"ஓட்டினேன்னு ஒத்துக்குங்க."

அவன் அவளையே பார்த்தான்.

"எங்கண்ணன எனக்குத் தெரியும். அடுத்தவுங்க தப்பு பண்ணா மன்னிச்சிடும், மன்னிக்கறதுல அதுக்கு அவ்ளோ குஷி. தான் தப்பு பண்ணேன்னு ஆயிட்டா மூஞ்சியிலயே முழிக்காது. அந்தப் பொண்ணு நாலு பேரு முன்னாடி அப்படிக் கேட்டுச்சுல்ல, அது உள்ள குத்திக்கிட்டே இருக்கு. உங்களப் பாக்கறப்பல்லாம் குத்தும்."

"பொய்யி சைனம்பு."

"தெரியும்."

"அமானிதத்த மீறினேன்னு என் வாயாலயே சொல்லணுமா?"

"நீங்க மீறலன்னு எனக்குத் தெரியும்ல. எனக்குத் தெரிஞ்சாப் போதாதா?"

அவன் யோசித்தான். போதும் என்றுதான் பட்டது. அவளுக்குத் தெரிந்தால் போதும்.

மறுநாள் அஸர் தொழுதுவிட்டு வந்து ஆசிக் மாடிக் கூடத்தில் உட்கார்ந்திருந்தான். சாய்ரா பக்கத்தில் பேரீச்சம்பழம் பிரித்துக்கொண்டிருந்தாள். சைபுல்லா எதிரே நாற்காலி நுனியில் உட்கார்ந்தான்.

"மச்சான், நான் ஒரு தப்பு பண்ணிட்டேன். வண்டிய எடுத்தேன்."

ஆசிக் முகம் மெல்ல மெல்ல விரிந்தது. நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டான்.

"எனக்குத் தெரியும் மச்சான். எப்ப?"

"போன வருஷம். மழைக்கு முந்தி."

"எங்க போனீங்க?"

இதை அவன் யோசித்து வைக்கவில்லை. ஓட்டினேன் என்று சொன்னால் முடிந்துவிடும் என்று நினைத்திருந்தான். ஷாசியா எப்போதும் கேட்கிற ஊர்தான் வாயில் வந்தது.

"பிச்சாவரம்."

"அடேயப்பா. எவ்ளோ ஸ்பீடு?"

"நூத்தி இருவது."

"அந்தக் குறுகலான கிள்ளை ரோட்டுலயா?" ஆசிக்கின் புருவம் ஏறியது. சாய்ரா பழம் பிரிப்பதை நிறுத்தினாள்.

"இல்ல, முதல்ல பைபாஸ்ல. பி.முட்லூரு வரைக்கும் போயி, பாலத்து மேல ஒரு மிதி மிதிச்சுட்டு, திரும்பி வந்துதான் கிள்ளை பக்கம் போனேன்."

"முதுகு ஒட்டிச்சா?"

"ஒட்டிச்சு மச்சான்."

ஆசிக் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தான். "சொல்லுங்க, சொல்லுங்க."

சைபுல்லா சொன்னான். கண்ணாடியை இறக்கிவிட்டதும் உப்பங்காற்று வந்ததைச் சொன்னான். ரோட்டின் இரண்டு பக்கமும் இறால் குட்டைகளில் வெயில் பளபளத்ததைச் சொன்னான். படகுத்துறைக்கு முன்னால் வண்டியை நிறுத்தி இளநீர் குடித்ததையும், தண்ணீருக்குள் இறங்கி நின்ற சுரபுன்னை வேர்களின் மேல் வெள்ளைக் கொக்குகள் உட்கார்ந்திருந்ததையும், அங்கே இருந்தவர்கள் வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்ததையும் சொன்னான். கடைச் சரக்கு கொண்டுபோக எப்போதோ டவுன் பஸ்ஸில் போனபோது ஜன்னல் வழியாகப் பார்த்தவைதான் எல்லாம். ஆனால் சொல்லச் சொல்ல ஸ்டியரிங் கைக்கு வந்தது. நாற்காலிக்கு அடியில் அவன் வலது கால் தானாக அழுந்திக்கொண்டிருந்தது. இத்தனை நேரம் அவன் பேசி அந்தக் கூடத்தில் யாரும் கேட்டதில்லை.

சைனம்பு டீத் தட்டோடு படியேறி வந்து வாசலில் நின்றதை அவன் பார்க்கவில்லை.

"தனியாவா போனீங்க?" என்றான் ஆசிக்.

சைனம்புவோடு என்று சொன்னால் அவளும் பொய்யில் மாட்டுவாள். அண்ணனிடம் அவளாவது நல்லவளாக இருக்கட்டும்.

"தனியாத்தான் மச்சான்."

"தனியா எவனாவது பிச்சாவரம் போவானா?" ஆசிக் கண்ணடித்தான். சாய்ரா வாயைப் பொத்திச் சிரித்தாள். "சரி சரி, அதக் கேக்கல. மனுசனுக்கு ஆசை இருக்கத்தான் செய்யும்." எழுந்து வந்து சைபுல்லாவின் தோளைக் கட்டிக்கொண்டான். "இத அன்னிக்கே ஒத்துக்கிட்டிருந்தா முடிஞ்சிருக்கும்ல. சைனம்பு, எடமெல்லாம் பார்க்க வேணாம். இங்கயே இருங்க. இவர நான் மன்னிச்சுட்டேன்."

டீ ஆறியிருந்தது. சைனம்பு எல்லாருக்கும் கொடுத்தாள்.

அதோடு நின்றிருந்தாலும் போகட்டும். ஷாசியா டியூஷன் முடிந்து வந்தபோது ஆசிக் அவளை மடக்கினான். "உங்கத்தா உன்னை விட்டுட்டு பிச்சாவரம் போயிட்டு வந்திருக்காரு, தெரியுமா? என் வண்டியில. நூத்தி இருவதுல."

"போகலையே மாமா."

"அவரே சொன்னாரு. வேணும்னா கேளு."

பிள்ளை சைபுல்லாவைத் திரும்பிப் பார்த்தாள். பின்னால் ஆசிக் நின்றிருந்தான், சிரித்தபடி, காத்துக்கொண்டு.

"ஆமாம்மா," என்றான் சைபுல்லா.

ஷாசியா புத்தகப் பையைக் கழற்றினாள். நீளாத கையிலிருந்து அதைக் கழற்ற எப்போதும் அவள் அத்தாவைத்தான் கூப்பிடுவாள். அன்று தானே முண்டிக் கழற்றிக்கொண்டு உள்ளே போனாள்.

அடுப்படியில் சைனம்பு பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவன் போய்ப் பக்கத்தில் நின்றான்.

"வீடு தப்பிச்சுது," என்றான்.

அவள் குழாயை நிறுத்தினாள். "யாரு கூடப் போனீங்க?"

அவன் முதலில் வேடிக்கை என்றுதான் நினைத்தான். "நீதானே சொல்லச் சொன்ன."

"ஓட்டினேன்னு சொல்லச் சொன்னேன். அந்த இளநி, கொக்கு, காத்து இதெல்லாம் நான் சொல்லச் சொல்லலையே."

"அவன் கேட்டான். வாயில வந்தத அளந்துவிட்டேன்."

"உங்களுக்குப் பொய் சொல்லத் தெரியாதுங்க. பன்னெண்டு வருசமா பாக்கறேன். ஒரு கஸ்டமர்கிட்ட கூட உங்களால பொய் சொல்ல முடியாது. கடைக்காரரே திட்டுவாரு." அவள் அவன் முகத்தையே பார்த்தாள். "நான் வாசல்ல நின்னுதான் கேட்டேன். உங்க மூஞ்சி அப்படி இருந்து நான் பார்த்ததே இல்ல."

"சைனம்பு, அல்லா மேல..."

"வேணாம். ஆணை வைக்காதீங்க." குழாயைத் திறந்தாள். தண்ணீர் சத்தத்துக்குள் அவள் குரல் மெதுவாக வந்தது. "அந்த மழைக்கு முந்தின்னு சொன்னீங்க. அதுக்கு முந்தியே எடுத்திருக்கீங்க. அப்புறம் எம்புள்ள கைய ஒடச்சுக்கிட்டு அலறினப்ப டிவிஎஸ்ஸ உருட்டிக்கிட்டு வந்தீங்க."

 உண்மையை ஏற்கெனவே ஒரு தடவை சொல்லியாயிற்று. அது எடுபடவில்லை.

வண்டி ரிப்பேர் முடிந்து வந்தது. ஆசிக் அதை ஆசை தீர ஓட்டினான். துபாய்க்குக் கிளம்புகிற அன்று, அதே போர்ட்டிகோவில், சாவியை சைபுல்லாவின் சட்டைப் பையில் போட்டான்.

"இனிமே சும்மா ஸ்டார்ட் பண்ணி வைக்கறதெல்லாம் வேணாம் மச்சான். இன்ஜினு கெட்டுடும். வாரா வாரம் பைபாஸ்ல எடுத்து நல்லா மிதிங்க. இந்தத் தடவ திருட்டுத்தனம் வேணாம், நானே சொல்றேன்." தன் பெருந்தன்மை அவனுக்கே பிடித்திருந்தது. "வண்டி எங்க இருக்குன்னு என் போன்லயே தெரியற மாதிரி செட் பண்ணிட்டேன். தைரியமா ஓட்டுங்க."

முதல் வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வந்து சைபுல்லா உறையை விலக்கினான். பக்கத்துக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உள்ளே பார்த்துக் கூப்பிட்டான்.

"ஷாசியா, வாம்மா. டியூஷன்ல எறக்கிவிடறேன். முடிஞ்சதும் அப்படியே பிச்சாவரம் போயிட்டு வரலாம்."

ஷாசியா வாசலுக்கு வந்தாள். சிவப்பு வண்டியைப் பார்த்தாள். அதன் பின்னால் சுவரோடு சாய்ந்திருந்த டிவிஎஸ்ஸைப் பார்த்தாள்.

"நான் நடந்தே போய்க்கறேன் அத்தா."

சைனம்பு ஜன்னலில் இருந்தாள். அவன் பார்த்ததும் திரையை இழுத்துவிட்டாள்.

ஓட்டாமல் இருக்க முடியாது. துபாயில் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கதவைச் சாத்திவிட்டு ஏறி உட்கார்ந்து பைபாஸுக்கு எடுத்தான். வெள்ளாற்றுப் பாலத்தில் ஏறும்போது மிதித்தான். முதுகு சீட்டோடு ஒட்டியது. மச்சான் சொன்னது நிஜம்தான்.

பாலத்தைத் தாண்டி ஓரமாக நிறுத்தியபோது போன் ஒலித்தது. ஆசிக்கிடமிருந்து மெசேஜ். ஒரு கட்டைவிரல், நாலைந்து சிரிக்கிற முகங்கள், கீழே ஒரு வரி.

"தனியாவா மச்சான்?"